எண்பத்து நான்கு

காலாங் திடலில் சனிக்கிழமை.
என் உள்ளங்கையில் எண்ணும் கருவி,
முஸ்தபாவில் நாலு வெள்ளி.
மகிழன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு க்ளிக்.
பெற்றோரில் யாராவது எண்ண வேண்டும் என்றார்கள்.
எனக்குப் பழக்கம்தான் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் ஓட்டுகிறேன்.
காலடியில் கண்ணாடி, அதற்கும் கீழே கப்பல்.
பெட்டி எவ்வளவு கனம் என்று
ஆள் சொல்வதை நம்ப மாட்டோம், கம்பிதான் சொல்ல வேண்டும்.
மீறினால் மணி அடிக்கும்.
இன்னும் மீறினால் மோட்டார் நின்றுவிடும்,
என்னைக் கேட்காது.

கைதான் எறிகிறது என்று நானும் நினைத்திருந்தேன்.
எறிவது தரை.
பின்கால் மேட்டைத் தள்ள, முன்கால் ஊன்ற,
இடுப்பு முதலில் திரும்பும்.
மார்பு ஒரு கணம் பிந்தும், அந்தப் பிந்தலில்தான் வேகம் ஊறும்.
தோள் சுழன்று
முன்கை பின்னால் மல்லாந்து கிடக்கும்.
பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் இரண்டே விரல்.
கட்டுமானத்தில் செங்கல் கைமாறுவது போல.
நடுவில் ஒருவன் சோர்ந்தால்
அடுத்தவன் எட்டி வாங்க வேண்டும்.

அறுபதுக்கு மேல் மகிழனின் இடுப்பு சோர்ந்தது.
முன்பாதம் நாலு விரல்கடை வெளியே விழுந்தது.
முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது.
எனக்குத் தெரிந்தது. தொங்கும் சுமையின் ஊசலைத்
தினம் பார்க்கிறவன் நான்.
ஆனால் ஜுன் காயின் கையுறைக்குள்
பந்து இன்னும் டப்பென்றே விழுந்துகொண்டிருந்தது.

அறுபத்தேழில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு.
எல்லாரும் கூரைக்கடியில், நாற்பது நிமிடம்.
மழை வரவில்லை. மின்னல் ஜோகூர் பக்கம் எங்கேயோ.
அவன் கை ஆறின தோசையாய் விறைத்துப்போனது.
நான் கருவியின் ஓரத்துக் குமிழைத் திருகினேன்.
நான்கு சுழியம்.
தாளில் எழுதினேன்: நாற்பத்தாறு.

ஒரு ரன் முன்னிலை.
தேசிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்
நீலத் தொப்பியோடு மூன்றாம் வரிசையில் இருந்தார்.
இதெல்லாம் காரணமா?
கை தானாகத் திருகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.
கை தானாக எதையும் செய்வதில்லை,
மேலே நானே எழுதியிருக்கிறேன்.

பிறகு முப்பத்தெட்டு.
கோச் ரஸ்லான் எட்டிப் பார்த்தார். மொத்தம்?
எண்பத்து நான்கு என்றேன்.
பன்னிரண்டு வயதுக்கு விதி எண்பத்தைந்து.

பத்து நாள் கழித்து டாக்டர் ஓங்
திரையில் படத்தைப் பெரிதாக்கினார்.
முழங்கையின் உட்பக்கம் பட்டாணி அளவில் ஓர் எலும்பு,
இந்த வயதில் யாருக்கும் இன்னும் ஒட்டியிருக்காதாம்.
நடுவே கறுப்புக் கோடு.
வலக்கையில் அந்தக் கோடு அகலம்.
பெரியவர்களுக்கு நார் கிழியும்,
பிள்ளைகளுக்கு நார் தாங்கிக்கொள்ளும், எலும்பு பெயரும் என்றார்.
எனக்குப் புரிந்தது:
கப்பலைக் கட்டிய கயிறு அறவில்லை,
துறைமுகத்துத் தூண் பிடுங்கிக்கொண்டது.

அன்றைக்கு எத்தனை எறிந்தான்?

வாயில் எண் தயாராக இருந்தது.
மகிழன் என்னைப் பார்க்காமல்
மேசைக்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
நூற்றஞ்சு.

அவனும் எண்ணியிருக்கிறான்.
எந்த எண்ணில் அப்பா எழுந்து நிற்பார் என்று
ஒவ்வொன்றாக.

திரும்பும்போது ரயிலில் கூட்டம்.
இடக்கையால் கம்பியைப் பிடித்திருந்தான்.
யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், உட்கார மறுத்தான்.
லிட்டில் இந்தியாவில் இன்னும் ஆட்கள் ஏறி நெருக்க,
என் சட்டைப்பையில் இருந்தது
ஒரு முறை க்ளிக் என்றது.
முப்பத்தொன்பது.

அவன் திரும்பிப் பார்த்தான்.